கப்பல்காரர் டீ குடிக்கக் கரையிறங்கினார்

கடல் மட்டத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் அடி மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "இன்னிக்குக் கடல் சரியில்ல" என்று கவலைப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தோட்டத்து ஆலையில் பிட்டர். கொழுந்து உருட்டும் இயந்திரங்கள் அவர் சொன்னால் ஓடும், அவர் முறைத்தால் நிற்கும். பெற்றோர் வைத்த பெயர் ஆலைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கணக்கும் பதிவேடும் எழுதும் தலைமைக் கிராணியாக இருந்த எனக்கே அந்தப் பெயரை எழுதும்போது ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து திரிங்காப் வரை எல்லாருக்கும் அவர் கப்பல்காரர்.

அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடுவில் நான் செய்த ஒரு காரியம் வருகிறது. அது சிரிப்புக்குரியது அல்ல. அதை விட்டுவிட்டு எழுதினால் இது முழுக்கப் பொய்யாகிவிடும். எழுபத்தாறு வயதில் மறைத்து எழுதத் தெம்பில்லை.

கப்பல்காரருக்கு அந்தப் பித்து பிடித்த நாள் எனக்குத் தெரியும், நானும் கூட இருந்தேன். இளவட்டங்களாக இருந்த காலத்தில் தோட்டத்திலிருந்து நாற்பது பேர் லோரியில் லுமுட் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போனோம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் சின்னப் பாய்மரக் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. அதிலிருந்து ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் குட்டிப் படகு ஒன்றில் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள். ஒட்டுக்கடையில் டீ குடித்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்கள். திரும்பப் போய்விட்டார்கள். நடந்தது இவ்வளவுதான். நாற்பது பேரும் பார்த்தோம். முப்பத்தொன்பது பேர் பார்த்துவிட்டு நெத்திலி வாங்கப் போனோம். ஒருவர் மட்டும் அங்கேயே நின்றார். லோரி கிளம்பும்போது அவரை இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

"கப்பல் கட்டி எங்கய்யா போகப் போறீங்க? சிங்கப்பூருக்கா?" என்று கேட்டேன்.

"அவ்ளோ தூரம் எதுக்கு? கரைக்குப் பக்கத்துல நங்கூரம் போடணும். குட்டிப் படகுல எறங்கி வரணும். ஒரு டீ குடிக்கணும். திரும்பப் போயிரணும்."

"டீ இங்கயே மலை மலையா இருக்கே லா!"

"இங்க நடந்து வந்துல்ல குடிக்கிறேன்" என்றார்.



ஈப்போவில் பழைய பேப்பர் கடை ஒன்றிலிருந்து படகு ஓட்டும் கலை பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பாதியைக் கரையான் தின்றிருந்தது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் இயந்திரங்களின் மேல் ஒட்டியிருக்கும் ஆங்கிலம். ஆகவே வாரம் இரண்டு மாலை நான் படித்துப் பொருள் சொல்ல, அவர் கண்ணை மூடிக் கேட்பார். முடிச்சுப் போடுவது எப்படி என்ற அத்தியாயம் முழுசாக இருந்தது. அவிழ்ப்பது எப்படி என்ற பக்கம் கரையான் வயிற்றில் இருந்தது. அந்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கட்டியவர் கப்பல்காரர். திருவிழா முடிந்தும் மூன்று மாதம் பந்தல் நின்றது. யாராலும் ஒரு முடிச்சைக்கூட அசைக்க முடியவில்லை. கடைசியில் பூசாரி அரிவாளோடு ஏறினார்.

தோட்ட லோரியில் வளைவுகளில் இறங்கும்போது இடுப்பில் காற்றடைத்த டயர் டியூப் ஒன்றை மாட்டிக்கொள்வார். "லோரி கவுந்தா பள்ளத்துல போவோம். அங்க எதுல மிதப்பீங்க?" என்று கேட்டேன். "கீழ ஆறு இருக்குல்ல?" என்றார். கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் அவரைக் கடக்கும்போது, "அண்ணே, இன்னிக்கு அலை எப்படி?" என்று கேட்பார்கள். கேலி என்று அவருக்குத் தெரியாது. காற்றை முகர்ந்து பார்த்து, "மிதமா இருக்கும்மா, பயப்படாம போங்க" என்பார். அவர்களும் தைரியமாக மலை ஏறுவார்கள்.

ஆலைக்குப் பின்னால் பழுதான இயந்திரங்களைப் போட்டுவைக்கும் கொட்டகையில் தன் முதல் கப்பலைக் கட்டினார். நாலு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல். பதினெட்டு அடி நீளம். தேயிலைப் பெட்டிகள் போய்க் காகிதச் சாக்குகள் வந்த காலம் அது. வேண்டாம் என்று ஒதுக்கிய பெட்டிகளைப் பிரித்து அந்தப் பலகைகளால் கட்டினார். பெட்டியில் அச்சடித்த எழுத்துகள் கப்பலின் உடம்பெல்லாம் தெரிந்தன. கப்பலின் முனையில் நின்று முகர்ந்தால் நல்ல தேயிலை வாசம்.

இனி என் காரியம். நான் அப்போது தோட்டத் தமிழ் மன்றச் செயலாளர். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு சொற்பொழிவு எழுதியிருந்தேன். ஞாயிறு காலை பத்து மணி, மண்டபத்தில் அறுபது நாற்காலி. வந்தது ஒரே ஒருவர். அவரும் நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப் போக வந்தவர். மற்ற எல்லாரும் கொட்டகையில் இருந்தார்கள். அன்று கப்பலுக்குப் பாய்மரம் நட்டார்களாம். அவர்கள் போட்ட ஆரவாரம் மண்டபத்துக்குள் நன்றாகக் கேட்டது.

அடுத்த வாரம், தோட்ட மேனேஜராகப் புதிதாக வந்த துரை கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். உள்ளே இருக்கும் சாமான்களுக்குப் பட்டியல் கேட்டார். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு குறிப்பு எழுத வேண்டியது கிராணியின் வேலை. கப்பலுக்கு எதிரே நான் எழுதினேன்: 'பழைய பெட்டிப் பலகை. அடுப்புக்கு ஆகும்.' அதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அதிலிருந்த கேவலமே அதுதான். எழுதிக் கொடுத்துவிட்டு, பல் வலி என்று இரண்டு நாள் லீவு போட்டு ஈப்போவுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கப்பல் ஆலை அடுப்பில் எரிந்து முடிந்திருந்தது. கப்பல்காரர் கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சுக்கான் மட்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்க இருந்திருந்தா வுட்டுருக்க மாட்டீங்க கிராணியாரே. தொரை புதுசு. அவருக்கு என்ன தெரியும், பாவம்" என்றார். பிறகு, "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பிடுங்கிவிட்டார்கள் என்றேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு மாதம் ஒரு பக்கமாகவே மென்றேன். மற்றதைக் காப்பாற்ற முப்பது வருடம் ஆயிற்று. அவர் துரையை மன்னித்தார், அடுப்பில் விறகு போட்டவனை மன்னித்தார். மன்னிக்க ஆள் தேடி அலைந்தார் என்றே சொல்லலாம். என்னிடம் மட்டும் வரவில்லை. நான் குற்றவாளிப் பட்டியலிலேயே இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போவேன். தட்டை மட்டும் கொடுத்துவிட்டு வருவேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் தானா ராத்தாவுக்குக் குடிபோனேன். அவர் திரிங்காப்பில் மகளோடு தங்கினார். மருமகன் சேகருக்கு அங்கே காய்கறித் தோட்டம், சொந்தமாக ஒரு லோரி. போன வருடம் ஒரு நாள் கப்பல்காரர் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார்.

"கிராணியாரே, கப்பல் ரெடி. எனக்கு ஒரு ஆள் வேணும், நங்கூரம் போட. நம்பிக்கையான ஆளா இருக்கணும்."

நம்பிக்கையான ஆள் என்ற சொல் என் நெஞ்சில் இறங்கியது. "வர்றேன்" என்றேன். எனக்கு நீந்தத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் இந்த முறை அவர் கரையில் இறங்கி டீ குடித்தே ஆக வேண்டும், அவர் குடிக்கும்போது நான் அந்தப் பட்டியல் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசாமல் போனால், போகட்டும். அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது கப்பல் குடைமிளகாய்ப் பந்தல்களுக்கு நடுவில் வளர்ந்திருந்தது. கப்பல்காரரின் மனைவி பூவாயி அதைச் சுற்றி வந்து எனக்குக் காட்டினார்.

"பாருங்கய்யா. மீன் கொழம்புல விழுந்தாகூட இந்த மனுசனுக்கு நீந்தத் தெரியாது. இவருக்குக் கப்பலு! நீங்க படிச்சவங்க, நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதா?"

"நானும் போறேம்மா."

பூவாயி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்களுக்கும் சேத்து சோறு கட்டுறேன்" என்றார்.

ஒத்திகை, செடிகளுக்குத் தண்ணீர் எடுக்கும் குட்டையில் நடந்தது. அதில் கப்பல் திரும்ப இடமில்லை. முன்னால் போனது பின்னாலேதான் வர வேண்டும். நங்கூரம் போட்டோம், எடுத்தோம், போட்டோம். ஒரு தடவைகூட எதுவும் அசையவில்லை. இதற்கு மேல் கற்க ஒன்றுமில்லை என்று இருவரும் கை குலுக்கிக்கொண்டோம்.

கடலுக்குப் போன நாளில் முட்டைக்கோஸ் ஏற்றும் லோரியில் கப்பலை ஏற்றி, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்கினார் சேகர். முன்னால் சேகரும் பூவாயியும் நானும். கப்பல்காரர் மேலே, கப்பலுக்குள். மலை இறங்கும் வழியெல்லாம் சேகர் ஸ்டியரிங்கை வளைத்த ஒவ்வொரு வளைவிலும் மேலே மாமனார் சுக்கானை வளைத்தாராம். சமவெளிக்கு வந்ததும் எட்டிப் பார்த்து, "அந்த மூணாவது வளைவுல கொஞ்சம் கஷ்டமாப் போச்சு மாப்ள, சமாளிச்சிட்டேன்" என்றார்.

"அது நானு மாமா!" என்றார் சேகர்.

"ரெண்டு பேருந்தான்."

லுமுட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவக் கிராமம், கம்போங். காலை ஒன்பது மணி. தண்ணீர் வெகு தூரம் பின்வாங்கியிருந்தது. சேற்றில் நண்டுகள் ஓடின. "கடல் கொஞ்சம் வெளிய போயிருக்கு" என்றார் கப்பல்காரர், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல. வெளியே போனது திரும்பி வரும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. நான் பள்ளியில் கடலின் ஏற்றவற்றம் படித்தவன். நிலவு, ஈர்ப்பு எல்லாம் எழுதிப் பாராட்டு வாங்கியவன். அது பரீட்சையோடு முடிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

ஆற்று வாயில் மட்டும் ஆழம் இருந்தது. மீனவர்கள் ஆறு பேர் சேர்ந்து கப்பலை அங்கே இறக்கிக் கொடுத்தார்கள். சின்ன மோட்டாரைத் தட்டிவிட்டுக் கரையிலிருந்து கூப்பிடு தூரம் போனதும் கப்பல்காரர் மோட்டாரை நிறுத்தினார். அவர் குரலே மாறியிருந்தது.

"நங்கூரம்!"

போட்டேன். அடியில் தட்டியதும் கயிற்றை இரு கையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்தேன்.

"எவ்ளோ ஆழம்?"

"ரெண்டு பாகம்."

"புக்குல எவ்ளோ கயிறு வுடணும்னு போட்டிருந்துச்சு?"

"அந்தப் பக்கம் இல்ல. கரையான்."

"அப்ப நம்ம வழக்கப்படி செய்யுங்க."

நம்ம வழக்கம் என்ன? சரிவில் லோரியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் கொடுப்போம். கல்லுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழையக் கூடாது. மூட்டையோ மாடோ எதைக் கட்டினாலும் கயிறு வீணைத் தந்திபோல நிற்க வேண்டும். மலைக்காரனுக்குத் தளர்ச்சி என்றால் பள்ளத்தாக்கு. ஆகவே இரண்டு பாகத்துக்கு மேல் ஒரு சாண்கூட விடாமல் இழுத்து, நங்கூரத்துக்கு நேர் மேலே கப்பல் நிற்கும்படி கட்டினேன். கப்பல்காரர் வந்து கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். 'டங்' என்றது.

"கிராணி கட்டுனா கட்டுதான்!" என்றார்.

அடுத்தது குட்டிப் படகு. அதை அவர் பழைய பைபர் தண்ணீர்த் தாங்கியைப் பாதியாக அறுத்துச் செய்திருந்தார். வட்டமாக, பரிசல் போல இருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்தோம். பத்து நிமிடம் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"இதுல முன்பக்கம் எது கப்பல்காரரே?"

"நம்ம எந்தப் பக்கம் பாக்குறோமோ அதான்."

"நான் உங்களப் பாக்குறேன். நீங்க என்னப் பாக்குறீங்க."

அவர் யோசித்தார். "நீங்க திரும்பிக்குங்க" என்றார்.

திரும்பிக்கொண்டேன். அப்படியும் ஒரு சுற்று சுற்றி, ஒரு முழம் போய், இன்னொரு சுற்று சுற்றி, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்துக்குத்தான் கரை சேர்ந்தோம். கரையில் பூவாயி கண்ணை மூடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சேகர் கைபேசியில் படம் எடுத்தார். கப்பல்காரர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்து, தொப்பியைச் சரிசெய்து, தண்ணீரில் ஒரு கால், மணலில் ஒரு கால் என்று இறங்கினார். அங்கேயே நின்றார். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய முகம்.

ஒட்டுக்கடையில் ஓர் அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தே தாரிக் ரெண்டு" என்ற கப்பல்காரர், அந்த அக்கா கேட்காமலே, "கப்பல்லேர்ந்து வர்றோம்" என்று சேர்த்துக்கொண்டார்.

"எந்தக் கப்பலு அண்ணே?"

"அந்தா, நிக்குது பாருங்க" என்று திரும்பாமலே கையை நீட்டினார். கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். கப்பலைக் கட்டும்போதே அவர் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டார். இப்போது கப்பலைப் பார்ப்பவர்களைப் பார்க்க வேண்டும். நான் எதிரில், கடலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

டீ வந்தது. ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். "தூள் சுமாருதான். ஆனா டீன்னா இதான் டீ" என்றார்.

இதுதான் நேரம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "கப்பல்காரரே, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப வருசமா சொல்லணும்னு…" என்று ஆரம்பித்துக் கண்ணாடியை மாட்டினேன். அவர் தோளுக்கு மேலே கடல் தெரிந்தது. காலையில் சேறாக இருந்த இடமெல்லாம் தண்ணீர். கப்பல், நாங்கள் விட்ட இடத்தில் இல்லை. மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்யாமல், வடக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கடல் ஏறியிருக்கிறது. கப்பலும் ஏறியிருக்கிறது. ஒரு சாண்கூடத் தளர்வில்லாத என் கயிறு, நங்கூரத்தையும் கிணற்று வாளிபோலத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறது.

எதை முதலில் சொல்வது? அவர் டம்ளரோடு காத்திருந்தார்.

"கப்பல்காரரே… உங்க கப்பல… நாசமாக்கினது நான்தான்."

"எந்தக் கப்பல?"

"ரெண்டையும்."

அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் சேகர் கத்தினார்: "மாமா! கப்பலு ஓடுது மாமா!"

நாங்கள் தாங்கிப் படகில் ஏறித் துரத்தினோம். துரத்தினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது போய்க்கொண்டிருந்தது, நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தோம். அந்தச் சுற்றலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், குறிப்பு, பல் வலி, எதையும் விடவில்லை. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் சொல்ல முடிந்தது. பின்னாலிருந்து துடுப்புச் சத்தம் நின்றது.

"எதுக்கு?" என்றார்.

"என் கூட்டத்துக்கு யாரும் வரல. எல்லாரும் உங்க கப்பலப் பாக்க வந்துட்டாங்க."

படகு இன்னொரு முறை சுற்றியது.

"என்ன தலைப்பு?"

"'ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி.'"

அவர் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நான் ஏங்கினேன். "அத நான் கேட்டிருப்பேன்ல. சாயங்காலம் வச்சிருந்தா எல்லாரும் வந்திருப்போம்" என்றார். பிறகு, "சுத்துது. வலது பக்கம் போடுங்க" என்றார்.

சம்பான் படகில் வந்த ஒரு மலாய்க் கிழவர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு, கயிறு கட்டி இழுத்துப் போனார். கப்பல் ஒரு மைல் தள்ளி, ஆழம் குறைந்த மணல் திட்டில் தொங்கின நங்கூரம் தானாகத் தரை தட்டி, மேய்ந்து முடித்த மாடுபோல நின்றிருந்தது. ஒரு கீறல் இல்லை. கிழவர் என் முடிச்சைப் பார்த்தார், விட்டிருந்த கயிற்றைப் பார்த்தார். கடல் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும், ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, "உங்க மலையில தண்ணி ஏறாதா?" என்று கேட்டார்.

"எங்க மலையில தண்ணி எறங்க மட்டுந்தான் செய்யும்" என்றார் கப்பல்காரர். அன்று அவர் பேசிய கடைசி வார்த்தை அது. ஆனால் கயிற்றில் என் முடிச்சு மேலும் இறுகியிருந்ததால் அவரும் நானும் சேர்ந்துதான் அதை அவிழ்க்க வேண்டியிருந்தது. நாலு கைகள் ஒரே முடிச்சில். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் மேலே கப்பலில் இருந்தார். மலை ஏறும்போது சேகர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா சுக்கானப் புடிக்கலய்யா. சும்மா உக்காந்திருக்காரு" என்றார். நடந்ததைப் பூவாயியிடம் நானே சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யோ, அன்னிக்கு எரிச்சது நீங்களா? யாரு எரிச்சிருந்தாலும் அவன் நல்லா இருக்கணும்னு நான் தேங்கா ஒடச்சேனே! சனியன் ஒழிஞ்சுதுன்னு."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பூவாயி ஒரு வளைவு முடியும்வரை சோற்றுத் தூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசம் அவரு சிரிக்கல லா. சாப்புடுவாரு, வேலைக்குப் போவாரு. சிரிக்க மாட்டாரு. அப்பத்தான் நெனச்சேன், ஒடச்ச தேங்காயத் திரும்ப ஒட்ட முடியாதான்னு." கொஞ்சம் பொறுத்து, "நீங்க கெட்டவரு இல்லய்யா. ஆனா அது நீங்க செஞ்சதுதான்" என்றார்.

ஆமாம் என்றேன். முப்பது வருடத்தில் யாராவது என்னிடம் அதை நேராகச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

மூன்று வாரம் அவரிடமிருந்து தகவல் இல்லை. நான் போகவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய் அவர் வாசலில் நிற்பது, அவரிடம் இன்னொன்றையும் பிடுங்குவதுபோலப் பட்டது. காலையில் தானா ராத்தா பஸ் நிலையத்துப் பக்கம் நடக்கப் போவேன். திரிங்காப் பக்கமிருந்து வரும் பஸ் நின்றால் இறங்குகிறவர்களை எண்ணுவேன். காய்கறிக் கூடையோடு பெண்கள் இறங்குவார்கள். தொப்பி போட்ட சுற்றுலாக்காரர்கள் இறங்குவார்கள். இன்னொரு பஸ் வரட்டும் என்று இருப்பேன். வீட்டில், "என்ன, பஸ் கம்பெனியில வேல கெடச்சிருச்சா?" என்று கேட்டார்கள்.

நாலாவது வாரம் பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள் இறங்கியது. அதற்குப் பின்னால் கப்பல்காரர் இறங்கினார். மெலிந்திருந்தார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, சுருளைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"பன்னண்டு பாகம்" என்றார், கயிற்றைக் காட்டி.

"நல்ல கயிறு" என்றேன்.

"தளர்த்தி வுடப் பழகணும். மலைக்காரனுக்குக் கை வராது. ஞாயித்துக்கெழம குட்டையில ஆரம்பிச்சு, மழை வுட்டதும் திரும்ப லுமுட்டு."

"சரி."

"அந்தக் கப்பல நெனச்சா இன்னும் கோவம் வருது கிராணியாரே. நேத்துகூட வந்துச்சு. பூவாயிகிட்ட எரிஞ்சு வுழுந்தேன்."

"வரணும்."

அவர் தலையாட்டினார். எதிரே ஒரு பஸ் கிளம்பிப் போகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நங்கூரம் போட வேற ஆளு தேடிப் பாத்தேன்" என்றார். "கெடைக்கல."

"யாரையெல்லாம் கேட்டீங்க?"

கப்பல்காரர் குனிந்து, கயிற்றின் ஒரு நுனியை எடுத்து என் கையில் வைத்தார்.

"யாரையும் கேக்கல" என்றார்.